சர்வே மைல்களுக்கும் வரி உண்டு: பலரும் செய்யும் தவறுகள்

கடந்த ஆறு மாதங்களில் எத்தனை முறை பற்பசை வாங்கினீர்கள் என்று இணைய சர்வே தொடங்கும். எந்த நிறப் பெட்டி, யார் சொல்லி வாங்கினீர்கள், வாங்கியபின் மனநிறைவு எத்தனை மதிப்பெண் என்று நீளும். 20 நிமிடம் கழித்து, “நன்றி, உங்கள் கணக்கில் 75 மைல் சேர்க்கப்பட்டது” என்று முடியும். பாதி வழியில் “நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை” என்று கழற்றிவிட்டு, ஆறுதலாக 5 மைல் கையில் வைப்பதும் உண்டு. இப்படிக் கருத்துச் சொல்லி விமான மைல், அதாவது டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய புள்ளி, சேர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இருக்கிறது. சந்தை ஆய்வு நிறுவனங்கள் விமான நிறுவனங்களிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கி, பதில் சொல்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன.

பணமாக வராததால் இதை வருமானம் என்று யாரும் நினைப்பதில்லை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கூலியை நெல்லாக அளந்தாலும் காசாக எண்ணினாலும் கூலிதான். மைலாக அளந்தாலும் அப்படித்தான்.

“மைலுக்கு வரி கிடையாது” என்ற அரைகுறை உண்மை

இந்த நம்பிக்கைக்கு ஒரு மூலம் இருக்கிறது. அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2002ஆம் ஆண்டில் 2002-18 என்ற எண்ணுள்ள அறிவிப்பை வெளியிட்டது. அலுவலகப் பயணத்தில் சேர்ந்த மைல்களை ஒருவர் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால், அதற்காக அவர் வரியைக் குறைத்துக் காட்டியதாக வாதாட மாட்டோம் என்பது அதன் சாரம். இந்த வரியைப் படித்தவர்கள் அதற்குக் கீழே உள்ளதைப் படிப்பதில்லை. மைல்களைப் பணமாக மாற்றிக்கொண்டால் இந்தச் சலுகை இல்லை. ஊதியத்தையே பயணச் சலுகையாகக் கொடுத்தால் அதற்கும் இல்லை. சர்வேக்குக் கிடைக்கும் மைல் இந்த இரண்டாவது விலக்கின் வாசலில்தான் நிற்கிறது.

அடுத்த குழப்பம் கடன் அட்டையிலிருந்து வருகிறது. அட்டையில் செலவழித்துக் கிடைக்கும் மைலுக்கு வரி இல்லையே, இதற்கு மட்டும் ஏன்? மைல் ஒன்றேதான், வந்த வழி வேறு. நூறு டாலருக்குப் பொருள் வாங்கி ஒரு டாலர் மதிப்புள்ள மைல் கிடைத்தால், பொருளை 99 டாலருக்கு வாங்கியதாகத்தான் கணக்கு. அது தள்ளுபடி. சர்வேயில் நீங்கள் எதையும் வாங்கவில்லை, உங்கள் நேரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். கழிப்பதற்கு ஒரு விலையே இல்லாத இடத்தில் தள்ளுபடி எங்கிருந்து வரும்?

நீதிமன்றமும் இந்தக் கோட்டைப் பிடித்துத்தான் நடந்திருக்கிறது. 2014இல் அமெரிக்க வரி நீதிமன்றம் ஒரு தம்பதியின் வழக்கைத் தீர்த்தது. வங்கிக் கணக்கு தொடங்கியதற்குக் கிடைத்த புள்ளிகளைக் கொடுத்து விமான டிக்கெட் எடுத்திருந்தார்கள். டிக்கெட்டின் மதிப்பு 668 டாலர் என்று வங்கி வரித்துறைக்குத் தெரிவித்திருந்தது. பணத்தை வங்கியில் வைத்திருந்ததற்காகக் கிடைத்தது என்பதால் அது வட்டியைப் போன்றது, வருமானம்தான் என்று தீர்ப்பானது. 2021இல் வந்த இன்னொரு வழக்கு இன்னும் சுவையானது. ஒரு தம்பதி, கடன் அட்டைப் புள்ளிக்காகவே லட்சக்கணக்கான டாலருக்குப் பரிசு அட்டைகளை வாங்கித் தள்ளியிருந்தார்கள். பரிசு அட்டை ஒரு பொருள், ஆகவே அதில் கிடைத்த புள்ளி தள்ளுபடி என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே கடன் அட்டையால் மணி ஆர்டரை நேரடியாக வாங்கிய பகுதிக்கும், டெபிட் அட்டையில் பணம் நிரப்பிய பகுதிக்கும் வரி உண்டு என்றது. ஆக, என்ன கிடைத்தது என்பதைவிட, எதைக் கொடுத்து அதைப் பெற்றோம் என்பதே இங்கே கேள்வி.

படிவம் வராவிட்டால் வரியும் இல்லையா?

“எனக்கு 1099 வரவில்லை, அதனால் காட்டவில்லை” என்பதை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேனோ, கணக்கில்லை. கொடுத்த தொகையைப் பெற்றவருக்கும் வரித்துறைக்கும் தெரிவிக்கும் 1099-எம்.ஐ.எஸ்.சி. போன்ற படிவங்களை அனுப்ப 600 டாலர் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது. 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 தொடக்கத்திலிருந்து செய்யப்படும் கொடுப்பனவுகளுக்கு அது 2,000 டாலராக உயர்ந்திருக்கிறது. இந்த வரம்பு கொடுப்பவருக்கானது. அவர் எப்போது காகிதம் அனுப்ப வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. பெறுபவர் வருமானத்தைக் காட்டுவதற்கு அதுபோன்ற குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லை. 90 டாலர் மதிப்புள்ள மைல் என்றாலும் கணக்கில் வர வேண்டும். வரம்பு உயர்ந்துவிட்டதால் இனிப் படிவம் பெறாதவர்கள் பெருகுவார்கள், இந்தத் தவறும் கூடவே பெருகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எப்போதாவது ஒன்றிரண்டு சர்வே என்றால் வரிக் கணக்கோடு இணைக்கும் ஷெட்யூல் 1இல் ‘பிற வருமானம்’ என்ற பகுதியில் எழுதுவது வழக்கம். தினமும் காலையில் உட்கார்ந்து நான்கு தளங்களில் லாப நோக்கோடு நிரப்புபவர் சுயதொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி பக்கம் போக வேண்டியிருக்கும். அங்கே போனால், சுயதொழிலின் நிகர வருமானம் ஆண்டுக்கு 400 டாலரைத் தொட்டதும் 15.3 சதவீத சுயதொழில் வரி சேர்ந்துகொள்ளும். அந்த வரியைத் தவிர்ப்பதற்காகவே அன்றாட வேலையைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்கு என்றால் அதற்கான செலவுகளைக் கழிக்கவும் முடியாது, 2018 முதல் அந்தக் கதவு அடைக்கப்பட்டிருக்கிறது. தொழில் என்றால் செலவைக் கழிக்கலாம். அதற்காக வீட்டு இணையக் கட்டணம் முழுவதையும் கழிப்பது வேடிக்கை. சர்வேக்குப் பயன்பட்ட பங்கு மட்டும்தான் செலவு.

ஒரு மைல் எத்தனை காசு?

இதில்தான் கையிலிருந்து உண்மையான பணம் போகிறது. வருமானமாகக் காட்ட வேண்டியது மைலின் நியாயமான சந்தை மதிப்பு. ஐ.ஆர்.எஸ். மைலுக்கென்று ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கவில்லை. அதனால் ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சிலர் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். “மைல்களுக்குப் பண மதிப்பு இல்லை, அவை எங்கள் சொத்து” என்று விமான நிறுவனத்தின் விதிமுறையிலேயே இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். அது நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். வரித்துறையை அது கட்டுப்படுத்தாது. நேர் எதிராகச் சிலர், மைல் குறைந்தவர்களுக்கு அந்த நிறுவனம் தன் தளத்தில் விற்கும் சில்லறை விலையை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அவசரத்துக்கு வாங்குபவர் கொடுக்கும் விலை அது. அந்த மைலைக் கொண்டு உண்மையில் எடுக்க முடிகிற டிக்கெட்டின் மதிப்பு பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

நான் செய்வது இதுதான். எனக்குப் பயன்படக்கூடிய ஒரு சாதாரண உள்நாட்டு டிக்கெட்டை ஆண்டு முடிவதற்குள் பார்ப்பேன். பணமாக 240 டாலர், மைலாக 20,000 மைலும் 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 240இல் 5.60 போனால் 234.40. அதை 20,000ஆல் வகுத்தால் மைலுக்கு 1.17 சென்ட். அந்த ஆண்டு சர்வேயில் 9,600 மைல் சேர்ந்திருந்தால் வருமானம் ஏறக்குறைய 112 டாலர். இதையே மைலுக்கு 3 சென்ட் என்று போட்டிருந்தால் 288 டாலராகியிருக்கும். மூன்று நான்கு வழித்தடங்களைப் பார்த்துச் சராசரி எடுத்தால் இன்னும் உறுதி. பார்த்த பக்கத்தைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து யாராவது கேட்டால் அந்த டிக்கெட் விலை இணையத்தில் கிடைக்காது.

ஒருமுறை வருமானமாகக் காட்டிய மைலைக் கொண்டு டிக்கெட் எடுக்கும்போது, மறுபடியும் அதை வருமானமாகச் சேர்ப்பதும் நடக்கிறது. அது இரட்டை வரி, தேவையில்லை.

எந்த ஆண்டில் காட்டுவது என்பதிலும் தடுமாற்றம் உண்டு. டிசம்பர் 28இல் சர்வே முடித்து, தளத்தில் புள்ளி ஏறி, ஜனவரி 9இல் மைல் விமானக் கணக்குக்கு வருகிறது. குறைந்தபட்ச அளவை எட்டாததால் வெளியே எடுக்கவே முடியாத புள்ளியும் இருக்கிறது. விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்த நாளை நான் பிடித்துக்கொள்கிறேன். நோட்டில் ஒரு வரிதான்: தேதி, தளம், செலவான நிமிடம், ஏறிய மைல், போட்ட மதிப்பு. நிமிடத்தை எழுதத் தொடங்கியதும் சர்வே மீதான ஆசையே பாதி குறைந்துவிட்டது, அது வேறு கதை.

படிவம் வந்தால்

சில நிறுவனங்கள் உங்கள் பெயரையும் வரி எண்ணையும் கேட்கும் டபிள்யூ-9 படிவத்தை நிரப்பித் தரச் சொல்லும். மோசடி மின்னஞ்சல் என்று அதைக் குப்பையில் தள்ளுபவர்களைக் குறை சொல்ல முடியாது, போலிகளும் அப்படித்தான் வருகின்றன. மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நேராகத் தளத்துக்குள் நுழைந்து பார்ப்பது நல்லது. கேட்பது உண்மையான நிறுவனமாக இருந்து, வரி எண்ணைக் கொடுக்காமல் விட்டால், கொடுக்க வேண்டியதில் 24 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரலாம்.

வந்த 1099இல் மதிப்பு மிகையாக இருந்தால், கோபத்தில் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது மோசமான வழி. அதன் நகல் வரித்துறைக்கும் போயிருக்கும். உங்கள் கணக்கோடு அது பொருந்தாவிட்டால் சி.பி.2000 என்ற நோட்டீஸ் வந்து நிற்கும். நிறுவனத்திடம் திருத்தப்பட்ட படிவம் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், உங்கள் மதிப்பீட்டுக்கான ஆதாரம் கையில் இருக்கட்டும்.

சர்வே முடிவில் குலுக்கல் பரிசு என்று ஒரு கொக்கி இருக்கும். பரிசும் வருமானம்தான். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் நிகழ்ச்சிக்கு வந்திருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்தபோது, கார் இலவசமாக வந்தது, வரியைக் காசாகக் கட்ட வேண்டியிருந்தது. இலவச விடுமுறைப் பயணம் விழுந்தாலும் அதே நிலைமைதான். பயணத்தைப் பிய்த்து வரி கட்ட முடியாது.

மனைவி பெயரில், மாமனார் பெயரில் கணக்குத் திறந்து ஒருவரே உட்கார்ந்து நிரப்புவது இன்னொரு பழக்கம். தளம் கண்டுபிடித்தால் எல்லாக் கணக்கையும் முடக்கும். வரியைப் பொறுத்தவரை, உழைத்தவர் யாரோ அவருடைய வருமானம் அது. பெயரை மாற்றுவதால் வருமானம் கைமாறிவிடாது.

வேறு நாட்டில் இருந்துகொண்டு அமெரிக்க விதிகளை அப்படியே பின்பற்றுவதும் தவறில் முடியும். பிரிட்டனில் சிறு தொழில், சில்லறை வேலை வருமானத்துக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை 2017 ஏப்ரல் முதல் விலக்கு இருக்கிறது. ஜெர்மனியில் வாடிக்கையாளர் விசுவாசத் திட்டப் பரிசுகளுக்கு ஆண்டுக்கு 1,080 யூரோ வரை விலக்கு உண்டு, மிஞ்சியதற்குத் திட்டத்தை நடத்தும் நிறுவனமே தட்டையான வீதத்தில் வரி கட்டிவிடவும் சட்டம் இடம் தருகிறது. அதுவும் நிறுவனத்தின் சேவையை வாங்கியவருக்கான ஏற்பாடு; சர்வே எழுதியவர் தனக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் தொழில் வழியாகக் கிடைக்கும் பொருள் சலுகைகள் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் முந்தைய ஆண்டுகளில் காட்டாமல் விட்டவர்கள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திக் கொடுக்கலாம். நோட்டீஸ் வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் பெரும்பாலும் விட்டுப்போன வரியோடும் வட்டியோடும் முடிந்துவிடும். 112 டாலர் வருமானத்துக்கு 22 சதவீத வீதத்தில் 25 டாலருக்கும் குறைவாகத்தான் வருமான வரி வருகிறது.