அமெரிக்க சிபிஏ தேர்வின் ஆய்வு வினாக்களுக்குத் தயாராவது எப்படி?

அமெரிக்காவில் கணக்காளர் உரிமம் பெற எழுத வேண்டிய சிபிஏ தேர்வில், ஆய்வு வினா என்பது பல ஆண்டுகள் ஒரே வடிவில் இருந்தது. ஒரு சிறு சூழலைக் கொடுத்து, கணக்கியல், தணிக்கைத் தரநிலைகள் முழுவதும் அடங்கிய தேடல் வசதியைத் திரையில் திறந்துவிட்டு, விடை எந்தப் பத்தியில் இருக்கிறதோ அதன் எண்ணைக் கட்டங்களில் நிரப்பச் சொல்வார்கள். 2024 ஜனவரியில் தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது அந்த முழுத் தேடல் வசதி எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது தரநிலையிலிருந்தோ வரிச் சட்டத்திலிருந்தோ எடுத்த பகுதிகள், ஒப்பந்தம், மின்னஞ்சல், வழக்கறிஞர் கடிதம் போன்ற இணைப்புகளோடு சேர்த்தே, ஒரு சூழலை விவரித்துக் கேட்கும் சூழல் வினாவுக்குள் தரப்படுகின்றன. எது பொருந்தும் என்று கண்டு, படித்து, விடையளிக்க வேண்டும். ஆகவே, எந்தச் சொல்லைத் தட்டினால் எந்தப் பத்தி வரும் என்று கற்பிக்கும் பழைய குறிப்புகள் கையில் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் ஒதுக்கிவிடலாம். ஆனால், பத்தியையே கையில் கொடுத்துவிடுவதால் வேலை எளிதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். முன்பு சரியான எண்ணைக் கண்டுபிடித்தாலே மதிப்பெண் கிடைத்தது. இப்போது அந்தப் பத்தி சொல்வதைப் புரிந்துகொண்டு பயன்படுத்தினால்தான் கிடைக்கும்.

முதலில் தரநிலைத் தொகுப்பின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கணக்கியல் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஏஎஸ்பியின் கணக்கியல் தரநிலைத் தொகுப்பு 2009ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு பத்திக்கும் தலைப்பு, உட்தலைப்பு, பிரிவு, பத்தி என்று நான்கு பகுதிகள் கொண்ட எண் உண்டு. 300 வரிசை சொத்துகள், 400 வரிசை கடன்கள், 500 பங்கு மூலதனம், 600 வருவாய், 700 செலவு, 800 பல கணக்குகளையும் தொடும் பரிவர்த்தனைகள், 900 குறிப்பிட்ட தொழில்கள் என்று தலைப்புகள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றைவிட மூன்றாவதாக வரும் பிரிவு எண்ணே பயன் மிகுந்தது என்பது என் கருத்து, ஏனெனில் அது எல்லாத் தலைப்புகளிலும் ஒரே பொருளில் வருகிறது: 15 என்றால் யாருக்குப் பொருந்தும் என்னும் வரம்பு, 20 சொல் விளக்கம், 25 கணக்கில் ஏற்றுவது, 30 தொடக்க மதிப்பீடு, 35 பிந்தைய மதிப்பீடு, 40 கணக்கிலிருந்து நீக்குவது, 50 குறிப்புகளில் வெளிப்படுத்துவது, 55 நடைமுறை எடுத்துக்காட்டுகள். 360-10-35-17 என்று கண்டவுடனே, நிலையான சொத்து வாங்கிய பிறகு அதன் மதிப்பைப் பற்றிய விதி இது, வாங்கும்போது எவ்வளவுக்குக் கணக்கில் எழுதுவது என்பதற்கு இங்கே விடை இல்லை என்று தெரிந்துவிட வேண்டும். உண்மையில் அந்தப் பத்தி, சொத்தின் மதிப்பிழப்பை எப்போது கணக்கில் காட்ட வேண்டும் என்பதைச் சொல்கிறது.

இதற்கான பயிற்சியைத் தரநிலைத் தொகுப்பிலேயே செய்யலாம். எஃப்ஏஎஸ்பியின் இணையதளத்தில் அதைக் கட்டணமின்றிப் படிக்க முடியும். பயிற்சி நூலில் ஒரு சூழல் வினாவை எடுத்துக்கொண்டு, விடையைப் பார்ப்பதற்கு முன், இது எந்தத் தலைப்பு, எந்தப் பிரிவில் விடை இருக்கும் என்பதைத் தாளில் எழுதிவிட்டு, பிறகு தொகுப்பைத் திறந்து சரிபார்க்க வேண்டும். தலைப்பை ஊகிப்பது சில வாரங்களில் பழகிவிடும். பிரிவை ஊகிப்பதில்தான் தடுமாற்றம் நீடிக்கும், ஏனெனில் ஏற்ற வேண்டுமா, எவ்வளவுக்கு ஏற்ற வேண்டும், குறிப்பில் மட்டும் சொன்னால் போதுமா என்னும் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கலந்து யோசிப்பதே பலருடைய வழக்கம்.

இந்த மூன்றும் எப்படிப் பிரிகின்றன என்பதை ஒரு வழக்கைக் கொண்டு பார்க்கலாம். ஒரு நிறுவனத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. நவம்பரில் அதன் கிடங்கில் நடந்த விபத்துக்காக அடுத்த பிப்ரவரியில் வழக்குத் தொடரப்படுகிறது; நிதிநிலை அறிக்கைகள் மார்ச்சில்தான் வெளியாகப் போகின்றன. இழப்பு ஏற்படுவது பெரும்பாலும் உறுதி என்றும், தொகை 2,00,000 டாலர் முதல் 5,00,000 டாலர் வரை இருக்கலாம் என்றும், இடையில் எந்தத் தொகையையும் மற்றதைவிடச் சரியானது என்று சொல்ல முடியாது என்றும் வழக்கறிஞர் கடிதம் கூறுகிறது. வழக்கு பிப்ரவரியில் வந்ததே என்று தயங்குபவர் 855ஆம் தலைப்பைப் பார்க்க வேண்டும்: ஆண்டு முடிவில் ஏற்கெனவே இருந்த நிலைமைக்கு, அதன் பின் நடந்த நிகழ்வு சான்று தருமானால் அது அந்த ஆண்டின் கணக்கிலேயே ஏறும், விபத்து நவம்பரில் நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். ஏற்ற வேண்டுமா என்பதற்கு 450-20-25-2 விடை தருகிறது: இழப்பு நிகழ வாய்ப்பு மிகுந்ததாகவும், தொகை நியாயமாக மதிப்பிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும், இரண்டும் பொருந்துகின்றன. எவ்வளவு என்பதற்கு 450-20-30-1க்குப் போக வேண்டும்: வரம்புக்குள் எந்தத் தொகையும் மற்றதைவிடச் சிறந்த மதிப்பீடாக இல்லையென்றால் குறைந்தபட்சத் தொகை, அதாவது 2,00,000 டாலர். எஞ்சிய 3,00,000 டாலர் வரையிலான கூடுதல் இழப்பு வாய்ப்பைக் குறிப்பில் தெரிவிப்பது 50ஆம் பிரிவின் வேலை.

இந்தியாவில் சிஏ படித்துவிட்டு இத்தேர்வுக்கு வருபவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 2020 முதல் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலேயே எழுத முடிவதால் அவர்களின் எண்ணிக்கையும் குறைவில்லை. இதே வழக்கை இந்தியக் கணக்கியல் தரநிலையான இந்த் ஏஎஸ் 37இன்படி பார்த்தால், தொடர் வரம்பில் எல்லாத் தொகைகளும் சம வாய்ப்புடையவை என்னும்போது நடுத்தொகையான 3,50,000 டாலரை எடுக்க வேண்டும். விடைப் பட்டியலில் அந்த எண்ணும் இருந்தால், படித்துப் பழகிய கை தானாக அதை நோக்கிப் போகும். நிலையான சொத்தின் மதிப்பிழப்பிலும் இப்படித்தான்: அமெரிக்க விதி முதலில், இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடாத எதிர்காலப் பணவரவைக் கொண்டு சொத்தின் கணக்கு மதிப்பை மீட்க முடியுமா என்று பார்க்கச் சொல்கிறது, பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் சொத்தில் ஒருமுறை காட்டிய இழப்பைப் பிறகு திருப்பி எழுத அனுமதிப்பதில்லை, இந்த் ஏஎஸ் 36 இரண்டிலும் வேறுபடுகிறது. எனவே தரப்பட்ட பகுதியில் உள்ள சொற்களை மட்டுமே நம்பி விடையெழுதப் பழக வேண்டும். நினைவிலிருந்து ஒரு விதி எழுந்து வந்தால், அது எந்த நாட்டு விதி என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க வரிச் சட்டத்தைப் படிக்கும் முறை வேறு. அங்கே பொது விதி முதல் உட்பிரிவில் இருக்கும், அதை வெட்டும் விலக்குகள் பின்னால் வரும். முதல் உட்பிரிவோடு நிறுத்திவிட்டவர் அநேகமாகத் தவறான விடையையே எழுதுவார். சொந்த வீட்டை விற்ற ஆதாயத்துக்கு விலக்கு தரும் 121ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் மொத்தம் 2 ஆண்டுகள் அந்த வீட்டைச் சொந்தமாக வைத்திருந்து, அதையே முதன்மை இல்லமாகக் கொண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. 2,50,000 டாலர் வரை விலக்கு என்பது அடுத்தது. கணவனும் மனைவியும் கூட்டாகப் படிவம் தாக்கல் செய்தால் 5,00,000 டாலர் என்பது அதற்கடுத்தது. கணவர் 6 ஆண்டுகளாகச் சொந்தமாக வைத்துக் குடியிருந்த வீடு, மனைவி திருமணமாகி அங்கே வந்து ஓராண்டுதான் ஆகிறது, ஆதாயம் 4,00,000 டாலர் என்று வினா வந்தால், கூட்டுப் படிவம் என்ற சொல்லைப் பார்த்த வேகத்தில் வரியே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 5,00,000 டாலருக்கு, உரிமை இருவரில் ஒருவருக்கு இருந்தால் போதும், குடியிருப்பு நிபந்தனையை இருவரும் நிறைவேற்ற வேண்டும் என்று அதே உட்பிரிவு சொல்கிறது. மனைவி அதை நிறைவேற்றவில்லை. ஆகவே விலக்கு 2,50,000 டாலர், வரிக்கு உட்படுவது 1,50,000 டாலர். பயிற்சியின்போது ‘அல்லது’, ‘மற்றும்’, ‘தவிர’, ‘இருந்தபோதிலும்’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை அடிக்கோடிட்டுப் படிப்பது இத்தகைய இடங்களில் கைகொடுக்கும்.

தணிக்கைத் தாளில் நிலைமை சற்று இதம். இந்தியத் தணிக்கைத் தரநிலைகளும் அமெரிக்காவின் தணிக்கைத் தரநிலைகளான ஏயூ-சி பிரிவுகளும் பன்னாட்டுத் தரநிலைகளின் எண் வரிசையைப் பின்பற்றுவதால், 240 என்றால் மோசடி, 505 என்றால் வெளியார் உறுதிக் கடிதம், 570 என்றால் தொழில் தொடரும் நிலை என்பது ஏற்கெனவே பழக்கமானதாக இருக்கும். ஆனால் தணிக்கை செய்யப்படும் நிறுவனம் பொதுமக்களிடம் பங்கு வெளியிட்டதா இல்லையா என்பதை வினாவின் முதல் வரிகளிலேயே பார்த்துவிட வேண்டும். வெளியிட்டதென்றால், அத்தகைய நிறுவனங்களின் தணிக்கையைக் கண்காணிக்கும் அமைப்பான பிசிஏஓபியின் தரநிலைகள் பொருந்தும், எண் வரிசையும் வேறு. ‘மஸ்ட்’ என்று வந்தால் விலக்கே இல்லாத கடமை, ‘ஷுட்’ என்று வந்தால் அரிதான சூழலில் காரணத்தைப் பதிவு செய்து விலகக்கூடிய கடமை, ‘மே’ என்று வந்தால் செய்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை என்னும் வேறுபாட்டையும் மறக்கக் கூடாது.

தேர்வு அறையில் நேரமே பெரிய சிக்கல். ஒவ்வொரு தாளுக்கும் 4 மணி நேரம். நிதிக் கணக்கியல் தாளில் 50 பலவுள் தெரிவு வினாக்களும் 7 சூழல் வினாக்களும் உண்டு. முதலில் வருபவற்றை 75 நிமிடங்களில் முடித்தால், ஒரு சூழல் வினாவுக்கு 20 நிமிடங்களும் சிறிது மிச்சமும் கிடைக்கும். இணைப்புகளை வரிசையாகப் படிக்கத் தொடங்குவதுதான் இந்த 20 நிமிடத்தை விழுங்கும் வழி. முதலில் என்ன கேட்கப்படுகிறது என்பதைப் படிக்க வேண்டும், பிறகு தரநிலைப் பகுதியைப் படித்து அது கேட்கும் நிபந்தனைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகே கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் திறந்து அந்த நிபந்தனைகளுக்கான தேதி, தொகை, கையொப்பம் ஆகியவற்றை மட்டும் தேட வேண்டும். ஒரே திரையில் பல சாளரங்களைத் திறந்து அருகருகே நகர்த்தி வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் அதற்கே சில நிமிடங்களை இழப்பார்கள். இத்தேர்வைத் தயாரிக்கும் அமெரிக்கக் கணக்காளர் அமைப்பான ஏஐசிபிஏ தன் இணையதளத்தில் கட்டணமின்றி வைத்திருக்கும் மாதிரித் தேர்வு, உண்மைத் தேர்வின் திரையைப் போலவே இருக்கும். அதைக் கைப்பேசியில் பார்க்காமல் கணினியில், ஒரே அமர்வில் எழுதிப் பார்ப்பது நல்லது.