வயிறு உப்புசம், கழிச்சல், மலச்சிக்கல்: நம் சமையலறையில் லோ ஃபாட்மேப் முறையைச் செய்து பார்ப்பது எப்படி?

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். ஒரு வாரம் மலச்சிக்கல், அடுத்த வாரம் கழிச்சல். ஸ்கேன், ஸ்கோப்பி எல்லாம் எடுத்துப் பார்த்தால் ‘நார்மல்’ என்று வரும். டாக்டர்கள் இதை ஐ.பி.எஸ். (IBS, எரிச்சல் குடல் நோய்) என்கிறார்கள். பல வருடம் இதோடு வாழ்ந்த எனக்குக் கைகொடுத்தது, குடலில் வாயு உண்டாக்கும் சிலவகைச் சத்துகளைக் குறைக்கும் லோ ஃபாட்மேப் (low FODMAP) என்கிற உணவு முறை. ஆனால் இதற்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் பிரெட், பாஸ்தாவை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. சாம்பாரும் ரசமும் வைக்கிற வீட்டில் எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், குடும்பத்தில் குடல் புற்றுநோய், 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த தொல்லை: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் முடிவில் தெரியாமல் போகலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் உணவியல் நிபுணர் துணையோடு மட்டுமே செய்ய வேண்டும்.

படி 1: ஒரு வாரம் எழுதிவையுங்கள்

எதையும் மாற்றாமல், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். இதற்கு நாற்பது பக்க நோட்டுதான் என் தேர்வு. செயலிகளில் நம் பொரியலையும் குழம்பையும் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். உணவின் அளவைத் தெரிந்துகொள்ள மட்டும் இந்த முறையை உருவாக்கிய ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் செயலியைப் பாருங்கள். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு உணவையும் ஆய்வகத்தில் அளந்து போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு டிஜிட்டல் சமையல் தராசு இருந்தால் போதும்.

படி 2: 2 முதல் 6 வாரம் விலக்குவது

ஃபாட்மேப் என்பவை சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சிலவகைக் கார்போஹைட்ரேட்டுகள். அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைத்து வாயு உண்டாக்கும். எல்லோர் குடலிலும் நடப்பதுதான் இது. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குக் குடல் நரம்புகள் கூர்மையாக இருப்பதால் அதே வாயு வலியாகத் தெரிகிறது.

விலக்க வேண்டியவை: வெங்காயம், பூண்டு, கோதுமை, ரவை, மைதா, பால், கொண்டைக்கடலை, ராஜ்மா, காளான், மாம்பழம், ஆப்பிள், தர்பூசணி, தேன், முந்திரி.

பயமில்லாமல் சாப்பிடலாம்: சோறு, இடியாப்பம், முட்டை, மீன், கோழி, உருளைக்கிழங்கு, கேரட், கத்தரிக்காய், வெள்ளரி, பப்பாளி, ஆரஞ்சு, அன்னாசி, வேர்க்கடலை. வாழைப்பழம் கெட்டியாக இருக்கும்போது நல்லது, நன்றாகக் கனிந்துவிட்டால் வேண்டாம். நெய்யில் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) இல்லை என்றே சொல்லலாம். 200 மி.லி. பாலில் ஏறக்குறைய 9 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. தயிர் புளிக்கப் புளிக்க அது குறையும். அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் மோர் ஒத்துக்கொள்கிறது.

படி 3: வெங்காயமும் பூண்டும்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இது. சாம்பாரில் வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஃபிரக்டான் என்ற ஃபாட்மேப் தண்ணீரில் கரையும். கொதிக்கும்போதே அது குழம்பில் இறங்கிவிடும், பிறகு துண்டுகளை எடுத்துப் போட்டாலும் பயனில்லை. பூண்டு ரசத்துக்கும் இதே கதைதான்.

ஆனால் ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. இதை வைத்துத்தான் ருசியைக் காப்பாற்ற வேண்டும். நல்லெண்ணெயைக் காயவைத்து, நசுக்கிய பூண்டைப் போட்டு, பொன்னிறமானதும் ஒரு பல்கூட விடாமல் எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளியுங்கள். பூண்டு வாசனை முழுவதும் எண்ணெயில் இருக்கும். பூண்டை எடுத்த பிறகுதான் தக்காளியோ தண்ணீரோ சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. பூண்டு எண்ணெயை மொத்தமாகக் காய்ச்சி அலமாரியில் வைக்காதீர்கள், அதில் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். அன்றன்றைக்குச் செய்வதே பாதுகாப்பு. வெங்காயத்துக்குப் பதிலாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை நறுக்கிப் போடலாம், வெள்ளைப் பகுதி மட்டும் கூடாது.

கடைப் பொடி பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படியுங்கள், பலவற்றில் பூண்டுத் தூள் இருக்கும். இந்தச் சில வாரங்களுக்காவது மல்லி, மிளகாய், மிளகு, சீரகம் வறுத்து வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். கடைப் பொடியைவிட ருசியும் நன்றாகவே இருக்கும்.

படி 4: திரும்பச் சேர்ப்பது

வயிறு அமைதியானதும் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து நிற்காதீர்கள். விலக்கிய உணவுகளில் பல, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவு. வருடக்கணக்கில் ஒதுக்கினால் அவை குறைந்துபோகும், நம் தட்டும் காலியாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் இரட்டிப்பு, மூன்றாம் நாள் வழக்கமாகச் சாப்பிடும் அளவு. உதாரணமாகப் பாலை கால் டம்ளர், அரை டம்ளர், முழு டம்ளர் என்று சோதிக்கலாம். அப்புறம் இரண்டு மூன்று நாள் இடைவெளி. தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, வயிறு அடங்கிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். சோதனை நடக்கும்போது மற்ற சாப்பாடெல்லாம் படி 2-ல் இருந்தபடியே இருக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃபிரக்டான்தான் என்றாலும் தனித்தனியாகச் சோதியுங்கள், ஒன்று ஒத்துக்கொண்டு இன்னொன்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எனக்குக் கோதுமை தோசை பிரச்சினையே இல்லை, பச்சை வெங்காயம் மட்டும் ஆகாது. பரீட்சை, பயணம், மாதவிடாய் நாட்களில் சோதனை வேண்டாம், வலி எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மலச்சிக்கல் இருப்பவர்கள் இதோடு இசப்கோல் சேர்க்கலாம். அரை ஸ்பூனில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். கோதுமைத் தவிடு பலருக்கு உப்புசத்தைக் கூட்டும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பிறகு சேர்த்தது

இட்லி மாவில் உளுந்து இருக்கிறதே என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். ஊறவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு அரைத்து, நன்றாகப் புளிக்க விடுங்கள். வாயு உண்டாக்கும் சத்து ஊறும்போது கொஞ்சம், புளிக்கும்போது கொஞ்சம் என்று குறையும். இரண்டு இட்லியில் ஆரம்பியுங்கள்.

பெருங்காயம் பற்றியும் கேள்வி வந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஐ.பி.எஸ். மட்டும் இருந்தால் ஒரு சிட்டிகையில் பெரிதாக ஒன்றும் ஆகாது. சீலியாக் உள்ளவர்கள் மட்டும் கோதுமை கலக்காதது என்று அச்சிட்டிருப்பதையே வாங்க வேண்டும்.

எல்லாம் விலக்கியும் உப்புசம் போகவில்லை என்று எழுதியவர்கள் சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். அவற்றில் இனிப்புக்காகப் போடும் சார்பிட்டாலும் ஃபாட்மேப்தான். அதுவும் இல்லையென்றால், ஆறு வாரத்துக்கு மேல் இதை இழுக்காமல் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி, எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.