எடை குறைக்கும்போது மூளையோடு மல்லுக்கட்டாதீர்கள்

"வாயைக் கட்டு, எடை தானாகக் குறையும்" என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஆனால் பசியைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் நம் வைராக்கியத்தின் கையில் இல்லை. மூளையின் அடிப்பகுதியில், பாதாம் பருப்பளவில் இருக்கும் ஹைபோதலாமஸின் வேலை அது. எடை குறைப்பில் நாம் சறுக்குவது பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுக்காததால்தான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, திடீரென்று அரைப்பட்டினி கிடப்பது. 'பத்து நாளில் ஐந்து கிலோ' வகையறா. நம் கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடலில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிப்பது அதுதான். சாப்பாட்டைச் சட்டென்று வெட்டினால், கொழுப்பு பெரிதாகக் கரைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே லெப்டின் மளமளவென்று இறங்கிவிடும். மூளைக்கு நீங்கள் டயட் இருக்கிறீர்கள் என்று தெரியாது, பஞ்சம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். உடனே பசியைத் தூண்டும் நரம்பணுக்கள் முடுக்கிவிடப்படும், உடலின் ஆற்றல் செலவும் சுருங்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1945-இல் பார்த்தார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், போர்முனைக்குப் போக மறுத்தவர்கள், தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. போனது எடை மட்டுமா? நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், தட்டை வழித்து நக்கினார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றான பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. முதலில் திரும்பி வந்ததும் தசை அல்ல, கொழுப்பு. இவர்களைப் போய் மனவுறுதி இல்லாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

இந்த மாற்றம் சீக்கிரம் சரியாவதும் இல்லை. பத்து வாரக் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களைப் பரிசோதித்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2011-இல் வெளியானது. ஒரு வருடம் கழித்தும் அவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே மெதுவாக, வருடக்கணக்கில் தொடரக்கூடிய அளவுக்கு மட்டும் குறையுங்கள். ஆறு மாதம்கூடத் தாங்காது என்று தெரிந்த டயட்டை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது, லெப்டின் பெயரில் விற்கும் மாத்திரைகள். 1994-இல் விஞ்ஞானி ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தபோது உடல்பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டதாகவே பலரும் நினைத்தார்கள். பிறவியிலேயே லெப்டின் இல்லாத வெகு சிலருக்கு ஊசி அற்புதமாக வேலை செய்தது. பருமனான மற்றவர்களுக்கோ லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மூளைதான் அதைச் சரிவரக் கேட்பதில்லை. தவிர லெப்டின் ஒரு புரதம். மாத்திரையாக விழுங்கினால் பருப்பு மாதிரி ஜீரணமாகிவிடும். காசு தண்டம்.

தூக்கத்தை வெட்டி அதிகாலை ஜிம்முக்கு ஓடுவதும் சரியில்லை. சிகாகோவில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுத்தார்கள். பத்து மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டால், லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. நாக்கு தேடியதும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களைத்தான்.

"எதைத் தின்றால் என்ன, அளவாகத் தின்றால் போதாதா" என்பார்கள். அந்த அளவைச் சொல்ல வேண்டியதே மூளைதானே! அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹால், 2019-இல் வெளியான ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று வைத்துப் பார்த்தார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சமம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளினார்கள், அதுவும் வேகவேகமாக.

அப்புறம் இப்போது எல்லோரும் பேசும் செமாகுளுடைடு என்ற எடை குறைப்பு ஊசி. அது மூளையின் பசி மையங்களிலும் வேலை செய்கிறது, பலன் உண்மையானது. ஆனால் எடை இறங்கியதும் பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய ஒரே வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு காலம் போட வேண்டும், நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.