செய்முறைத் தேர்வில் மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் உருவாக்கி 1975-இல் வெளியிட்ட ஓஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு முறை இன்று நம் நர்சிங் கல்லூரிகளிலும் வந்துவிட்டது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஸ்டேஷன், அதாவது தனி இடம்; மாணவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வருவார்கள். எல்லா மாணவருக்கும் ஒரே பணி, ஒரே நேரம், ஒரே செக்லிஸ்ட். தேர்வாளர் கண்ணில் பட்டதற்கும் காதில் விழுந்ததற்கும்தான் மதிப்பெண். நன்றாகப் படித்த பிள்ளைகளும் வாயே திறக்காமல் செய்துவிட்டு மதிப்பெண்ணை விடுவது இதனால்தான்.

பிபி பார்க்கும் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்வோம். "நீங்கதான் லட்சுமியா?" என்று கேட்பது முதல் தவறு. அரை மயக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, கஃப் (கையில் சுற்றும் காற்றுப்பட்டை) அளவு. கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மணிக்கட்டு நாடியைத் தொட்டுப் பார்க்காமல் நேராக ஸ்டெதஸ்கோப்பை வைப்பதும் பலர் செய்வதுதான். கஃபில் காற்றேற்றும்போது நாடி நின்ற அளவுக்கு மேல் இன்னும் 20 முதல் 30 மி.மீ. வரை ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். அவசரத்தில் வேகமாக இறக்கினால் முதல் சத்தமே தப்பிவிடும்.

மூச்சை எண்ணப் போவதாக நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சு மாறும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடியே ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். ஊசி போட்டபின் மூடியைத் திரும்பப் போடாதீர்கள். ஊசிக்கு வெள்ளை டப்பா, ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை.

ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கையுறை எங்காவது பட்டுவிட்டதா? மறைக்கவே கூடாது. "பட்டுவிட்டது, மாற்றுகிறேன்" என்று சொல்லி மாற்றுங்கள். வார்டில் நோயாளியைக் காப்பாற்றப்போவதும் அந்தப் பழக்கம்தான்.

சரி, தேர்வாளர்களுக்கு வருவோம். "அப்புறம்?" என்று எடுத்துக் கொடுப்பது, தலையசைப்பது எல்லாம் அன்பாகத் தெரியலாம், அடுத்த மாணவருக்கு அது அநியாயம். ஸ்டேஷனுக்குள்ளேயே திட்டினால் பதற்றம் அடுத்த ஸ்டேஷன் வரை தொடரும். நல்ல மாணவி என்று ஏற்கெனவே தெரிந்தவர் விட்ட படியையும் கை தானாக டிக் செய்துவிடும், கவனம்.

தேர்வுக்கு முன் தேர்வாளர்கள் எல்லோரும் ஒரே செய்முறையைப் பார்த்துத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட வேண்டும். பெரிய வித்தியாசம் வந்தால், முதல் மாணவர் உள்ளே வருமுன் பேசித் தீர்த்துவிடலாம்.