மஞ்சள் அட்டை இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்

டர்பனிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது எந்த வழியில் டிக்கெட் மலிவு என்றுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்கிறேன்: எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்கள்? துபாய், தோஹா என்றால் சரி. அடிஸ் அபாபா, நைரோபி என்றால் இதைக் கடைசி வரை படியுங்கள். அம்மாவின் முதல் வருஷத் திதிக்காகவே லீவு எடுத்துப் போன நான், அந்தத் திதியை ஒரு கொசுவலை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் பார்த்தேன்.

கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் தென்னாப்பிரிக்காவில் கிடையாது. அதனால் இங்கிருந்து போகிறவர்களுக்கு அந்த ஊசியைப் பற்றிய நினைப்பே வருவதில்லை. ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கின்றன. அந்த நாடுகள் வழியாக வருகிறவர்கள் ஊசி போட்டதற்கான சான்றை, அதாவது மஞ்சள் அட்டையை, காட்ட வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறினால், சுகாதார அதிகாரி ஒப்புக்கொண்டால், விலக்கு உண்டு. எனக்கு ஜோகன்னஸ்பர்க்கிலேயே தாமதம், அடிஸ் அபாபாவில் அடுத்த விமானம் போய்விட்டது, ராத்திரி தங்க ஹோட்டல் கொடுத்து வெளியே அனுப்பினார்கள், நானும் நன்றி சொல்லிவிட்டுப் போய்த் தூங்கினேன். இந்தியா போகிறாயே, வெளியே போனால் சிக்கல் வரும் என்று அந்தக் கவுன்டரில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தே விடிய வைத்திருப்பேன்.

வந்து இறங்கியதும் சுகாதார மேஜையில் பாஸ்போர்ட்டைப் புரட்டியவர், "சார், மஞ்சள் அட்டை?" என்றார். இல்லை. மூன்று மணி நேரம் வாதாடினேன். அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, அவ்வளவு உயரத்தில் இந்த நோய் வர வாய்ப்பு குறைவு என்றேன். உயரம் உண்மைதான். அவர் ஃபைலை என் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். அதில் நாட்டின் பெயர்தான் இருந்தது. நாளை மறுநாள் அம்மா திதி என்றேன், குரல் உடைந்துபோனது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார், கையெழுத்துப் போடும் இடத்தையும் காட்டினார். அடிஸ் அபாபாவை விட்ட நேரத்திலிருந்து ஆறு நாள் தனிமை.

ஏன் ஆறு? முதல் ராத்திரி கோபத்தில் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொசு கடித்து 3 முதல் 6 நாளுக்குள் ஜுரம் காட்டிவிடும். அப்போது ரத்தத்தில் கிருமி நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஏடிஸ் கொசு கடித்தால், கிருமி அதன் உடம்பில் ஒரு வாரத்துக்கு மேல் வளர்ந்து, பிறகு அது கடிக்கிறவர்களுக்கெல்லாம் போகும். இந்தியாவில் இந்த நோய் இல்லை, ஆனால் டெங்குவைப் பரப்பும் அதே கொசு தெருத்தெருவாக இருக்கிறது, ஊசி போட்டவர்களோ அரிது. உள்ளே வர ஒரே ஒரு ஆள் போதும். என்னை வலைக்குள் வைத்தது மனிதரிடமிருந்து பிரிக்க இல்லை, கொசுவிடமிருந்து பிரிக்கத்தான். மூச்சிலோ தொட்டாலோ இது ஒட்டாது. அதனால்தான் சித்தி ஜன்னலோரம் நின்று பேச முடிந்தது.

சித்திக்கு மஞ்சள் காய்ச்சலுக்கும் மஞ்சள் காமாலைக்கும் வித்தியாசம் தெரியாது. மாயவரம் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, கீழாநெல்லியை அரைத்து வாழையிலையில் பொதிந்து, தூக்குவாளியில் மோரும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல சித்தி" என்றால் கேட்கவில்லை. திதியைத் தம்பி செய்தான், சித்தி மகன். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது போன் படம் நின்று நின்று வந்தது.

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் என் பக்கத்து வீட்டுப் பாட்டி இங்கேயே பிறந்தவர், பாதித் தமிழ்தான் பேசுவார். திரும்பி வந்து சொன்னபோது, அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினால் அவருடைய சின்ன வயதில் யாரும் படியேற மாட்டார்கள் என்றார். "நீயும் வேப்பிலை வீட்டுல இருந்த, அவ்வளவுதான்." ஆறுதலாக இருந்தது.

அந்த ஊசியைக் கண்டுபிடித்த மாக்ஸ் தைலர் நம் பிரிட்டோரியாவில் பிறந்தவர், அதற்காக 1951ல் நோபல் பரிசு வாங்கியவர். ஒரே ஊசி, ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலையிலிருந்து அட்டையும் ஆயுள் முழுக்கச் செல்லும், பத்து வருஷம் ஆனதென்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், அதனால் டிக்கெட் போட்ட அன்றே டிராவல் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். அட்டையில் முத்திரை, கையெழுத்து, மருந்தின் தொகுதி எண் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வேண்டும், நம் இனிஷியல் குழப்பம் இந்த மேஜையில் செல்லாது. கர்ப்பிணிகள், அறுபது தாண்டியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது. ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கும் பொதுவாகப் போடுவதில்லை. இவர்களோடு போவதென்றால் காசு கூட ஆனாலும் வளைகுடா வழியே போங்கள். திரும்பும்போதும் கவனம், பட்டியல் நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் நின்றால் தென்னாப்பிரிக்காவும் அட்டை கேட்கும்.

ஊரில் கவனிக்க வேண்டிய மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவுங்கள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம், அன்றே அரசு ஆஸ்பத்திரி. ஜுரம் என்றால் பாராசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ரத்தக்கசிவை அதிகமாக்கும். ஜுரம் இறங்கிய பிறகு வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப் போடாதீர்கள், டெங்குவில் ஆபத்தான நேரமே அதுதான். டிபி வந்த பெரியவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துப் புண்படுத்தாதீர்கள், அது இருமும் காற்றில் பரவுவது. ஜன்னலைத் திறந்துவிட்டு மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள்.

வெளியே வந்தபோது லீவில் மிச்சம் நான்கு நாள். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த அம்மா வீட்டைத் திறந்தேன். கொல்லையில் ஆட்டுக்கல் குழியில் மழைத் தண்ணீர் நின்றது. குனிந்து பார்த்தால் உள்ளே புழு நெளிகிறது, தலைகீழாகத் தொங்குகிறது, என் நிழல் பட்டதும் சுருண்டு அடியில் போகிறது. அம்மா தினமும் கழுவிக் கவிழ்த்து வைத்த குழவி ஒரு மூலையில் கிடந்தது. கார்த்திகையில் சித்தியின் பேரனுக்கு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். அங்கே இருந்துகொண்டு கவலைப்படுவேன் என்று எனக்குச் சொல்லவில்லை. சித்தி வீடு அடுத்த வேலி. இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர்கூடத் தாண்டாது.

ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள் பெட்டி கட்டும் முன்பே அங்கே ஒரு ஆளுக்குப் போன் போடுங்கள், தொட்டி, ஆட்டுக்கல், மாடியில் விட்ட வாளி எல்லாவற்றையும் கவிழ்க்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரியும், நார் போட்டுத் தேய்க்க வேண்டும். நான் தேய்த்தேன், தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து ஒரு காலை முழுக்க. பிறகு குழியில் ஆற்றுமணலை நிரப்பிவிட்டுச் சாவியைச் சித்தி கையில் கொடுத்தேன்.