கையடக்க கேமிங் மெஷின்ல பசைட் லினக்ஸ் போடறது எப்படி? அந்த நீல ஸ்கிரீன்ல மாட்டிக்காம!

ரெண்டு வாரமா சொந்தக்காரப் பசங்க மூணு பேருக்கு வாட்ஸாப்ல இதையே வாய்ஸ் மெசேஜா சொல்லிட்டு இருக்கேன், இனி லிங்க் அனுப்பிக்கலாம்னு எழுதியே வெச்சர்றேன். என்ற கையில இருக்கறது அசூஸோட ரோக் அலைங்கற கையடக்க கேமிங் மெஷின், இஸட்1 எக்ஸ்ட்ரீம் சிப்பு, 16 ஜிபி ரேம், கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. ஸ்டீம் டெக் தான் மொதல்ல ஆசைப்பட்டேன், ஆனா அதை அதைச் செய்யற வால்வ் கம்பெனி (ஸ்டீம்ங்கற கேம் கடையும் அவங்களோடது தான்) நம்ம நாட்டுல நேரடியா விக்கறதில்ல, இறக்குமதி பண்றவங்ககிட்ட வாங்கி நாளைக்கு ஒண்ணுன்னா எங்க போய் நிக்கறதுன்னு ரோசனையா இருந்துச்சு. சரி, மெஷின் எதுவா இருந்தா என்ன, உள்ள ஓடற விண்டோஸ எடுத்துட்டு பசைட்டுக்கு, அதாவது கேமுக்குன்னே செஞ்ச ஒரு லினக்ஸ் சிஸ்டத்துக்கு, மாத்திக்கலாமேன்னு எறங்கிட்டேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இதைப் படிக்காம யாரும் கீழ போகாதீங்க. வேலரண்ட், ஃபோர்ட்நைட், அபெக்ஸ் லெஜெண்ட்ஸ், ஜிடிஏ ஆன்லைன், இதுல ஏதாவது தான் உங்க உசுருன்னா லினக்ஸ் வேண்டாங்க. ஆன்டி சீட் (ஏமாத்தி வெளையாடறவங்களத் தடுக்கற சாஃப்ட்வேர்) விடாது. அபெக்ஸ் முன்னாடி நல்லா ஓடிட்டு இருந்துச்சு, 2024 கடைசில அவங்களே லினக்ஸுக்கு கதவை சாத்திட்டாங்க. லினக்ஸால முடியாதுன்னு இல்ல, கேம் கம்பெனி அனுமதி குடுத்தா ஓடும், குடுக்கலைன்னா ஓடாது, அவ்வளவு தான். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ரெண்டும் லினக்ஸுக்குன்னே வருது, அதுல பிரச்சினை இல்ல. தனியா ஒக்காந்து வெளையாடற கேம்னா நெம்ப சந்தோசமா வாங்க. 2018 ஆகஸ்ட்ல வால்வ் புரோட்டான் விட்டதுல இருந்து நெலமையே மாறிப்போச்சு, விண்டோஸ் கேம் ஸ்கிரீன்ல படம் காட்டக் கேக்கற டைரக்ட்எக்ஸ லினக்ஸுக்குப் புரியற வல்கனா மாத்திக் குடுத்துட்டு அது பாட்டுக்கு ஓடும். உங்க கேம் ஓடுமான்னு புரோட்டான்டிபி சைட்ல பேரைப் போட்டுப் பாத்துக்குங்க, பிளாட்டினம், கோல்டுன்னு இருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம், போர்க்டுன்னு (ஓடவே ஓடாதுன்னு அர்த்தம்) இருந்தா விட்ருங்க.

சரி, என்னென்ன வேணும்? 16 ஜிபிக்கு கொறையாத ஒரு பென்டிரைவ். சார்ஜர். யுஎஸ்பி சி ஹப் ஒண்ணு, அதுல சார்ஜரும் சொருகற மாதிரி இருக்கணும், ஏன்னா அலைல சி போர்ட்டே ஒண்ணு தான். அப்பறம் ஒயர் வெச்ச கீபோர்டு ஒண்ணு. இந்தக் கீபோர்ட யாரும் பெருசா சொல்றதில்ல, டச் ஸ்கிரீன் தான் இருக்கேன்னு விட்டர்றாங்க. அது இல்லாம எறங்காதீங்க, ஏன்னு கீழ வருது.

படி 1. மெஷின்ல இருக்கற சேவ் ஃபைல், போட்டோ எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சுக்குங்க. பயோஸ் (விண்டோஸுக்கு முன்னாடியே மெஷினை எழுப்பற உள் புரோக்ராம்) அப்டேட் ஏதாவது பாக்கி இருந்தா விண்டோஸ்லயே முடிச்சுருங்க.

படி 2. பசைட் சைட்ல போய் டவுன்லோட் அமுக்குனா எந்த மெஷின், எந்த டெஸ்க்டாப்னு கேள்வி கேக்கும். உங்க மாடல சொல்லுங்க, கேமிங் மோடு (ஆன் பண்ணுனதும் நேரா ஸ்டீம் ஸ்கிரீன் வர்றது) வேணும்னு சொல்லுங்க. டெஸ்க்டாப்புக்கு, அதாவது கம்ப்யூட்டர் மாதிரி பாக்கறப்ப வர்ற ஸ்கிரீனுக்கு, கேடிஇ, க்னோம்னு ரெண்டு தோற்றம் இருக்கு, கேடிஇ எடுங்க. க்னோம் அழகா இருக்கும், இல்லைன்னு சொல்லல, ஆனா சின்ன ஸ்கிரீன்ல கேடிஇ பிளாஸ்மா தான் கைக்கு அடங்குது, பட்டனை பெருசு பண்ணலாம், கீழ இருக்கற பேனலை ஓரத்துக்கு தள்ளலாம், எதை வேணா நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். ஸ்டீம் டெக்லயும் டெஸ்க்டாப் மோடு கேடிஇ தான். இன்னொன்னு, கேடிஇ கீபோர்டு செட்டிங்ஸ்ல தமிழ்நெட்99 (தமிழ் டைப் பண்ற கீ வரிசை) லேஅவுட் லிஸ்ட்லயே இருக்குது, தனியா ஒண்ணும் எறக்க வேண்டியதில்ல.

படி 3. எறக்குன ஐஎஸ்ஓ ஃபைல பென்டிரைவ்ல எழுத ஃபெடோரா மீடியா ரைட்டர்ங்கற டூல். வேற டூல் நெறய இருக்கு, நான் இதைத் தான் சொல்லுவேன், எழுதி முடிச்சதும் சரியா எழுதிருக்கான்னு அதுவே ஒருதடவ சரி பாக்கும். அந்த சரிபாக்கறது முடியறதுக்குள்ள பென்டிரைவ பிடுங்காதீங்க.

படி 4. மெஷினை முழுசா ஆஃப் பண்ணிட்டு, வால்யூம் டவுன அமுக்கிப் புடிச்சுட்டே பவர் பட்டன், பயோஸ் வந்துரும். பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க. இன்ஸ்டாலர்ல டிஸ்க்க செலக்ட் பண்ணி பழசெல்லாம் அழிக்கச் சொல்லுங்க, யூசர் பேரு பாஸ்வேர்டு குடுங்க. என்கிரிப்ஷன் (டிஸ்க்க பாஸ்வேர்டு போட்டுப் பூட்டறது) டிக் பண்ணாதீங்க, பண்ணுனா ஒவ்வொரு வாட்டி ஆன் பண்றப்பவும் பாஸ்வேர்டு கேக்கும், அந்த நேரத்துல ஸ்கிரீன் கீபோர்டு வராது, பஸ்ல போறப்ப கீபோர்டுக்கு எங்க போவீங்க.

படி 5. இது தான் அந்த எடம். எனக்கு ஒரு ராத்திரி முழுசா இதுல போச்சு.

இன்ஸ்டால் முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆகும். திடீர்னு நீல கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்து ஏதாவது ஒரு கீய அமுக்குன்னு சொல்லும், பக்கத்துல பத்து, ஒம்பது, எட்டுன்னு கவுன்ட்டு எறங்கும். பாக்கறதுக்கு விண்டோஸ் கிராஷ் ஆனாப்ல இருக்கும், ஆனா அது கிராஷ் இல்ல. செக்யூர் பூட்டுன்னு ஒரு காவல் இருக்குது, தனக்குத் தெரிஞ்ச கையெழுத்து இருக்கற சிஸ்டத்த மட்டும் தான் உள்ள விடும். பசைட்காரங்க கையெழுத்து அதுக்குத் தெரியாது, அதைப் பதிஞ்சுக்கட்டுமான்னு நம்மகிட்ட கேக்குது. அங்க டச் ஸ்கிரீனை நம்ப முடியாது, அதான் கீபோர்டு. பத்து செகண்டுக்குள்ள ஒரு கீய அமுக்கி, என்ரோல் எம்ஓகேன்னு (அந்தக் கையெழுத்துச் சாவிய பதியறது) இருக்கறத எடுத்து, கன்டினியூ, யெஸ் குடுத்தா பாஸ்வேர்டு கேக்கும். அது நீங்க வெச்ச பாஸ்வேர்டு இல்ல, பசைட்காரங்க வெச்சது: யுனிவர்சல் ப்ளூ, இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல ஸ்பேஸ் இல்லாம (universalblue).

நான் தறி குடோன்ல கணக்கு கம்ப்யூட்டர்ல இருந்த கீபோர்ட கழட்டிட்டு வந்திருந்தேன். டைப் பண்றேன், தப்புங்குது. மறுபடி டைப் பண்றேன், தப்புங்குது. அந்த ஸ்கிரீன்ல டைப் பண்ற எழுத்தும் தெரியாது, புள்ளி நட்சத்திரம் கூட வராது, அதனால எங்க தப்புன்னே புரியல. ரீஸ்டார்ட் ஆகி வெறும் கருப்பு ஸ்கிரீன்ல ஒரு எரர் வரி வந்து நின்னுருச்சு. பக்கத்துல ஒக்காந்திருந்த அக்கா பையன் மெதுவா "மாமா, போச்சுங்களா?"ங்கறான். விண்டோஸும் அழிஞ்சாச்சு, லினக்ஸும் ஏறல, மணி ஒண்ணாச்சு, எனக்கு வெசனமாப் போச்சு.

காத்தால தான் தோணுச்சு, அந்தக் கீபோர்ட லேப்டாப்ல சொருகி நோட்பேட்ல அதே பாஸ்வேர்ட அடிச்சுப் பாத்தேன். மொத எழுத்தே விழுகல. யூ கீய கழட்டுனா அடியில பஞ்சு! தறி குடோன்ல பறக்கற பஞ்சு வருசக்கணக்கா எறங்கி மெத்தையாட்டம் ஒக்காந்திருக்கு, கீ கீழ போகுது, ஆனா உள்ள தொடல. குண்டூசில நோண்டி எடுத்துட்டு, பென்டிரைவ்ல இருந்து மறுபடி இன்ஸ்டால் பண்ணி, அந்த நீல ஸ்கிரீன்ல ஒரே தடவைல உள்ள போயிட்டேன். அதனால சொல்றேன், எந்தக் கீபோர்டா இருந்தாலும் மொதல்ல வேற கம்ப்யூட்டர்ல அந்தப் பாஸ்வேர்ட அடிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டு வாங்க.

நீல ஸ்கிரீனை விட்டுட்டீங்கன்னா பயப்பட வேண்டாம், மெஷின் ஒண்ணும் ஆகல. பயோஸ்ல போய் செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணுனா சிஸ்டம் பொட்டாட்ட உள்ள விட்ரும். அப்படியே ஆஃப்லயே வெச்சுக்கறவங்களும் இருக்காங்க, எனக்கு அது ஆன்ல இருக்கறது தான் திருப்தி.

படி 6. உள்ள வந்ததும் வைஃபை போட்டு, ஃபோன்ல இருக்கற ஸ்டீம் ஆப்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணி லாகின். கேம் எறக்குங்க, வெளையாடுங்க. மொத தடவ ஒரு கேமைத் தொறக்கறப்ப ஷேடர் (கேம் படம் வரையறதுக்கான குட்டி புரோக்ராம்) ப்ராசஸ் ஆகுதுன்னு நிக்கும், ஸ்கிப் குடுக்காம விடுங்க, நடுவுல திக்காம இருக்கும்.

பவர் செட்டிங் பத்தி எனக்கு ஒரு புடிவாதம் உண்டு. பேட்டரி 40 வாட் அவர் தான், சிப்புக்கே 25 வாட் குடுத்தா ஸ்கிரீன், ஃபேன் எல்லாம் சேத்து ஒன்றரை மணி நேரம் கூட தாங்காது. குவிக் மெனுல டிடிபிய (சிப்பு எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்ங்கற வரம்பு) 12, 13 வாட்டுக்கு எறக்கி, ஃபிரேம் ரேட்ட 40ல கட்டி, ரெசல்யூஷனை 720க்கு கொண்டு வாங்க. ஏழு இன்ச்சு ஸ்கிரீன்ல பெருசா வித்தியாசம் தெரியாது, ஈரோட்டுப் பக்கம் சித்திரை வெயில்ல கையும் சுடாது.

எனக்கு இதுல நெம்பப் புடிச்சது என்னன்னா தூக்கம். பல்லடத்துல பஸ் ஏறி ஒக்காந்ததும் பவர் பட்டனை தட்டுனா விட்ட எடத்துல, அதே குதிரை மேல, அதே மழையில நிக்கறேன். சிங்காநல்லூர்ல எறங்கறப்ப ஒரு தட்டு, தூங்கிரும். அப்டேட்டும் அப்படித்தான், முழு சிஸ்டமும் ஒரே மூட்டையா (இமேஜ்னு சொல்லுவாங்க) மாறும், புதுசு ஒத்து வரலைன்னா பூட் மெனுல பழசை எடுத்துக்கலாம். எத்தனையோ பேரு சம்பளம் வாங்காம ஒக்காந்து இதைச் செஞ்சு குடுத்திருக்காங்க, இதை நெனைச்சா மனசு நெறையுது.

எபிக், ஜிஓஜி மாதிரி வேற கேம் கடைல வாங்குன கேம் இருந்தா டெஸ்க்டாப் மோடுக்குப் போய் அதையெல்லாம் ஓட்டற ஹீரோயிக்ங்கற ஆப் போடுங்க. லூட்ரிஸும் இருக்கு, எனக்கு ஹீரோயிக் தான் சுலபம்.

சேர்த்தது: கமெண்ட்ல ஒருத்தர் விண்டோஸையும் வெச்சுட்டே போட்டிருக்காரு, செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணுனதும் விண்டோஸ் பக்கம் 48 இலக்க பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்கப் பூட்டி வெக்கற வசதி) நம்பர் கேட்டு நின்னுருச்சாம். ரெண்டும் வேணும்ங்கறவங்க பயோஸ்ல கை வெக்கறதுக்கு முன்னாடியே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் அந்த ரெக்கவரி கீய எழுதி வெச்சுக்குங்க.

இன்னொரு சேர்ப்பு: லெனோவோவோட லீஜன் கோ மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு பூட் ஆகறப்ப எழுத்தெல்லாம் சாஞ்சு பக்கவாட்டுல தெரியுதுன்னா கெட்டுப்போகல, அதோட ஸ்கிரீன் பேனலே நெட்டுக்குத்தா செஞ்சது தான், மெஷினைத் திருப்பிப் புடிச்சுட்டு வேலையைப் பாருங்க.

மைக்ரோ எஸ்டி கார்டு கேமிங் மோடுல தெரியலைன்னு ரெண்டு பேரு கேட்டிருந்தாங்க. விண்டோஸ்ல இருந்த கார்ட அப்படியே சொருகிருக்கீங்க, அது என்டிஎஃப்எஸ் மாதிரி விண்டோஸ் முறைல ஃபார்மேட் ஆகிருக்கும், தெரிஞ்சாலும் அதுல புரோட்டான் சரியா நிக்காது, கேம் லாஞ்ச் ஆகற மாதிரி வந்துட்டு சத்தமில்லாம ப்ளே பட்டனுக்கே திரும்பிரும். கார்டுல இருக்கறத வேற எடத்துக்கு மாத்திட்டு, ஸ்டீம் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் உள்ள போய் ஃபார்மேட் குடுங்க, அப்பறம் கேமைப் புதுசா எறக்குங்க.