‘கோர்ட் கல்யாணம்’ பதிவாவது சார்பதிவாளர் அலுவலகத்தில்: நோட்டீஸ் முதல் சான்றிதழ் வரை

‘கோர்ட்டில் கல்யாணம்’ என்று ஊரில் சொன்னாலும், தமிழ்நாட்டில் எந்த நீதிமன்றமும் திருமணம் செய்து வைப்பதில்லை. அதற்கான இடம் சார்பதிவாளர் அலுவலகம். 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டப்படி அங்கே திருமண அலுவலராக இருப்பவரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் உங்களுக்குத் தேவையா என்பதை முதலில் பாருங்கள். இருவரும் இந்துக்கள் என்றால் சாதி வேறாக இருந்தாலும் இதற்கு அவசியமில்லை. கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டலாம். இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவுப்படி புரோகிதர் இல்லாமல் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். பிறகு அந்தத் திருமணத்தைப் பதிவு செய்தால் போதும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009, திருமண நாளிலிருந்து 90 நாள் தருகிறது. கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. இருவரும் வேறு வேறு மதம், யாரும் மதம் மாற விரும்பவில்லை என்றால் தனித் திருமணச் சட்டமே சரியான வழி.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். இருவருக்கும் உயிரோடு வேறு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. நம் ஊரில் பலரும் கவனிக்காத ஒன்று உறவுமுறை. இந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில் அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகள் எல்லோரும் இருக்கிறார்கள். வழக்கம் அனுமதித்தால் விலக்கு உண்டுதான். ஆனால் அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். ஆகவே முறைப்பெண்ணை மணக்கும் இந்துக்கள் இந்தப் பக்கம் வராமல், குடும்ப வழக்கப்படி மணந்து இந்து திருமணச் சட்டத்தில் பதிவது நல்லது.

அடுத்தது எந்த அலுவலகம் என்பது. இருவரில் ஒருவராவது நோட்டீஸ், அதாவது மணக்கப்போகிறோம் என்ற எழுத்து அறிவிப்பு, கொடுக்கும் நாளுக்கு முந்தைய 30 நாளாவது அந்த எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் திரும்புவது பெரும்பாலும் இங்கேதான். ஆதாரில் மதுரை முகவரி, வேலையும் வாடகை வீடும் சென்னையில் என்றால், சென்னையில் குடியிருப்பதைக் காட்ட ஆவணம் வேண்டும். ஆதார் முகவரியை முன்கூட்டியே மாற்றிக்கொள்வது எளிது. இல்லையேல் வாடகை ஒப்பந்தம் எடுபடுமா என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி அச்செடுக்க வேண்டும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று; முகவரிக்கு ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை போன்றவை; பாஸ்போர்ட் அளவுப் படங்கள். மணமுறிவு பெற்றவர் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும், துணையை இழந்தவர் இறப்புச் சான்றிதழையும் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அசல் கையில் இருக்கட்டும்.

பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று ஒரே ஆள் மூன்று பெயரோடு நிற்பது நம்மிடம் சாதாரணம். நாளைக்கு விசாவுக்கோ வங்கிக்கோ கொடுக்கப்போகும் ஆவணம் எதுவோ, அதில் உள்ளபடி விண்ணப்பத்தில் எழுதுங்கள். மற்றதை அதற்கேற்பத் திருத்திய பிறகே நோட்டீஸ் கொடுங்கள்.

இருவரும் கையெழுத்திட்ட நோட்டீஸ், பதிவேட்டில் ஏறி அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். ஒருவருடைய நிரந்தர முகவரி வேறு எல்லையில் இருந்தால் அங்குள்ள அலுவலகத்துக்கும் ஒரு நகல் போய் ஒட்டப்படும். வீட்டுக்குத் தெரியாமல் செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பெற்றோருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் சொந்த ஊர்ச் சுவரில் நோட்டீஸ் இருக்கும். மிரட்டல் வரும் என்று அஞ்சினால் அதற்கு முன்பே வழக்கறிஞரைப் பார்த்துக் காவல்துறைப் பாதுகாப்புக்கு மனு தயார் செய்துகொள்ளுங்கள். நோட்டீஸ் ஒட்டிய பிறகு திருமணத்துக்காகக் காத்திருக்கும் 30 நாள்தான் ஆபத்தான காலம்.

அந்த 30 நாளுக்குள் யாரும் ஆட்சேபம் தரலாம். வயது, முந்தைய திருமணம், மனநிலை, தடைசெய்த உறவு போன்ற சட்ட நிபந்தனை மீறலை மட்டுமே காரணமாகக் காட்ட முடியும். ‘எங்களுக்குச் சம்மதமில்லை’, ‘வேறு சாதி’ என்பவை ஆட்சேபமே அல்ல. ஆட்சேபம் பதிவானால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கோர்ட் என்பது இந்த நடைமுறைக்குள் வருவது இங்கே மட்டும்தான்.

ஆட்சேபம் இல்லையென்றால் நாள் குறிக்கலாம். கணக்கு இது: ஜூன் 3 அன்று நோட்டீஸ் கொடுத்து அன்றே ஒட்டப்பட்டிருந்தால் ஜூலை 4 முதல் திருமணம் செய்யலாம்; செப்டம்பர் 3க்குள் முடித்தாக வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் நோட்டீஸ் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வருபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அரசு விடுமுறை, அலுவலர் விடுப்பு, இணையதளக் கோளாறு எல்லாம் அப்போதுதான் வந்து சேரும்.

திருமண நாளன்று மூன்று சாட்சிகள் அடையாள அட்டையோடு வர வேண்டும். ஒருவர் வராவிட்டால் திருமணம் நடக்காது. நான்காவதாக ஒருவரையும் அழைத்து வைத்திருங்கள். மணமக்களும் சாட்சிகளும் உறுதிமொழியில் கையெழுத்திடுவார்கள். பிறகு மணமக்கள், அலுவலர் முன்னும் சாட்சிகள் முன்னும், ஒருவரையொருவர் சட்டப்படியான கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம். தாலி, மாலை, மோதிரம் உங்கள் விருப்பம். அவை இல்லாவிட்டாலும் திருமணம் செல்லும், இந்த வாக்கியம் இல்லாவிட்டால் செல்லாது.

சான்றிதழ்ப் புத்தகத்தில் கையெழுத்திடும் முன் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் வாசித்துப் பாருங்கள். கையெழுத்துக்குப் பிறகு திருத்துவது பல நாள் அலைச்சல். அரசுக் கட்டணம் சிறு தொகைதான். ரசீது கேட்டு வாங்குங்கள், வாசலில் நிற்கும் தரகரிடம் எதையும் கொடுக்காதீர்கள். சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்றை அப்போதே விண்ணப்பித்து வாங்கி வைத்தால், பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை.